கறுப்பு மண்ணும் வெடித்த கல்லும்: அயர்லாந்தில் ஒரு ஃபுலக்ட்டைத் தோண்டுவது எப்படி

அயர்லாந்தில் அகழாய்வு வேலைக்குச் சேர்ந்தால் முதல் மாதத்திலேயே ஒரு ஃபுலக்ட் ஃபியா, அதாவது சுட்டு வெடித்த கல் குவிந்த பழங்கால மேடு, உங்கள் தலையில் விழும். புதிதாக வந்தவரிடம் அதைத் தள்ளிவிட எல்லோரும் காத்திருப்பார்கள். பொன் கிடைக்காது, பானை கிடைக்காது, ஒரு மணிகூடக் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் வெடித்த கல், கரி, தண்ணீர். காலையில் உலர்ந்த காலுறையோடு போய் மாலையில் நனைந்த முட்டியோடு திரும்புவீர்கள். ஆறு பருவங்களில் ஒன்பது தோண்டிவிட்டேன், பெரும்பாலும் கார்க் மாவட்டத்தில். முதல் மூன்றைக் கெடுத்தேன் என்றே சொல்லலாம். நான்காவதிலிருந்துதான் பழகியது. அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்ன சங்கதி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தில் ஒரு தொட்டி தோண்டி, அதில் தண்ணீர் ஊறவிட்டு, பக்கத்தில் நெருப்பு மூட்டிக் கல்லைச் சுட்டு, சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் கொதிக்கும். கல் வெடித்துச் சிதறும். வேலை முடிந்ததும் உடைந்த கல்லையும் கரியையும் வாரித் தொட்டியைச் சுற்றி எறிவார்கள். ஒரே இடத்தில் பல வருடங்கள் இப்படிச் செய்தால் எறிந்த குப்பை மேடாகிவிடும். நெருப்புப் பக்கம் நடந்துபோக வழி விட்டிருப்பதால் மேடு குதிரை லாடம் போல வளைந்திருக்கும். இந்தக் குப்பைமேட்டைத்தான் ஆங்கிலத்தில் எரிந்த மேடு என்கிறார்கள், ஐரிஷில் ஃபுலக்ட் ஃபியா. நான் வெந்தகல் மேடு என்று எழுதிக்கொள்கிறேன். நாடு முழுக்க 7,000-க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன, அதிலும் கார்க் மாவட்டத்தில்தான் நெருக்கம். பெரும்பாலானவை வெண்கலக் காலத்தவை, அதாவது ஏறக்குறைய கி.மு. 2400 முதல் 600 வரை.

எனவே நீங்கள் தோண்டப்போவது ஒரு குப்பைமேடு. இதை மறக்காதீர்கள். வீடும் அடுப்பும் தொட்டியும் குப்பைக்கு அடியிலோ, குப்பைக்கு வெளியிலோ இருக்கும். ஒன்பது நாள் வேலையில் ஏழு நாள் மேட்டில் போய்விடும். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி கடைசி இரண்டு நாளில் வரும். நேரத்தை அதற்கேற்றாற்போல் பங்கு போடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மண்ணில் கை வைக்கும் முன்

சொந்த வயலாக இருந்தாலும் தோண்டக் கூடாது. 1930-ஆம் ஆண்டு தேசிய நினைவுச்சின்னச் சட்டத்திலிருந்தே உரிமம் வாங்கித்தான் அகழாய்வு செய்ய முடியும். 2023-இல் புதிய சட்டம் வந்து படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது, ஆனால் அனுமதி தேவை என்பதில் மாற்றமில்லை. உரிமம் நிறுவனத்துக்கு அல்ல, பெயர் குறிப்பிட்ட ஒரு தொல்லியலாளருக்கு. அவர்தான் தள இயக்குநர். அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டரைக் கொண்டுபோய் ஆட்டிப் பார்ப்பதும் குற்றம். உங்களைப் போன்ற கூலித் தோண்டிக்கு வேண்டியது சேஃப் பாஸ் அட்டை, கட்டுமானத் தளப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்கான அட்டை. ஒரு நாள் பாடம், நான்கு வருடம் செல்லும். அது இல்லாமல் கட்டுமானத் தளத்தின் கேட்டைக்கூடத் தாண்ட விட மாட்டார்கள்.

கருவிப் பையில் நான்கு அங்குலக் கரணை ஒன்று, முட்டிக்குப் பஞ்சு மெத்தை, தண்ணீர் தெளிக்கும் கைப்பம்பு, நனைந்தாலும் எழுத வரும் பிளாஸ்டிக் வரைதாள், கூர் மழுங்காத 6எச் பென்சில். காலுக்கு இரும்பு மூக்கு வைத்த கம்பூட்ஸ், அதுவும் ஒரு அளவு பெரியதாக, ஏனென்றால் இரண்டு காலுறை போடுவீர்கள். கையுறையில் காசைச் சேமிக்காதீர்கள். வெடித்த மணற்கல்லின் ஓரம் பிளேடு மாதிரி.

இனி நான் சொல்வதெல்லாம் ஒரே மேட்டை வைத்து. வடக்குக் கார்க்கில் ஒரு பால்பண்ணைக்காரரின் வயல். குடிநீர்க் குழாய் பதிக்க வேண்டி அதன் குறுக்கே சுமார் இருபது மீட்டர் அகலத்துக்குக் கீறிக்கொண்டு போனார்கள். மேடு அந்தக் கீறலுக்குள் பாதியும் வெளியே பாதியுமாக மாட்டியது. வெளியில் இருப்பதைத் தொட நமக்கு அதிகாரம் இல்லை. வருத்தப்படாதீர்கள், இது அடிக்கடி நடக்கும். கீறலின் ஓரமே மேட்டை வெட்டிக் காட்டும் ஒரு சுவராக அமைந்துவிடுவது இதில் ஒரு லாபம்.

ஹிட்டாச்சியின் பின்னால் நடப்பது

மேல்மண்ணை ஹிட்டாச்சிதான் எடுக்கும். பல் இல்லாத தட்டை வாளி போட்டிருக்க வேண்டும். பல் வைத்த வாளியோடு ஓட்டுநர் வந்தால் அங்கேயே நிறுத்தி மாற்றச் சொல்லுங்கள், அவர் முனகினாலும் சரி. வாளிக்குப் பக்கவாட்டில், ஓட்டுநரின் கண்ணில் படும்படி நில்லுங்கள். ஒரு வழிப்புக்கு பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் எடுக்க விடாதீர்கள்.

வெந்தகல் மேட்டின் முதல் அறிகுறி நிறம். புல்வேர் படர்ந்த பழுப்பு மண்ணுக்குக் கீழே திடீரென்று கண்மை மாதிரிக் கறுப்பு. அடுத்தது சத்தம். வாளியின் உதடு கல்லில் உரசும்போது கூழாங்கல்லின் வழுக்கல் கேட்காது, ஓட்டுச் சில்லைக் கூட்டி அள்ளுவது போல ஒரு நொறுநொறுப்பு கேட்கும். இரண்டும் சேர்ந்தால் உடனே கையை உயர்த்துங்கள். அதற்குக் கீழே ஹிட்டாச்சிக்கு வேலை இல்லை.

எல்லாக் கறுப்பும் ஃபுலக்ட் அல்ல. போன நூற்றாண்டில் விவசாயி வேலிமுள்ளைக் கொளுத்திய இடமும் கறுப்புதான், அதில் கண்ணாடித் துண்டும் ஆணியும் இருக்கும். பழைய சுண்ணாம்புக் காளவாயும் கறுப்புதான், ஆனால் அதில் வெள்ளையாகப் பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு ஒட்டும். சந்தேகம் வந்தால் ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். நெருப்பும் தண்ணீரும் பார்த்த மணற்கல் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருக்கும். மூலைகள் கூராக, பரப்பு செந்நிறமாகவோ சாம்பல் நிறமாகவோ வெளிறியிருக்கும். கையால் அழுத்தினாலே சில கல் மணலாக உதிரும். ஆற்றுக் கல்லின் வழவழப்பான பழைய தோல் ஒரு பக்கம் மிச்சமிருந்தால், அதை எங்கிருந்து பொறுக்கினார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

நாங்கள் தோண்டிய வயல் சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்கு. காலால் எத்தினால் சுண்ணாம்புக்கல்தான். ஆனால் மேட்டில் இருந்தது கிட்டத்தட்ட முழுவதும் மணற்கல், மேலே இருக்கும் மலைமுகட்டின் சிவப்பு மணற்கல். கிளிஞ்சல் நீற்றும் இடத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல்லை நன்றாகச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் அது நீறிப்போய்த் தொட்டித் தண்ணீரைக் கெடுத்துவிடும். அதைத் தெரிந்தே ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு வாளி கல்லை இனம் பிரித்து எண்ணும் வேலை அலுப்பாக இருக்கும்தான், ஆனால் இந்தச் செய்தி வேறு எங்கிருந்தும் வராது.

மேட்டை வெட்டும் முறை

முதலில் கரணையாலும் களைக்கொத்தியாலும் மேற்பரப்பைச் சுத்தம் செய்து, கறுப்பு எங்கே முடிகிறது என்று கண்டுபிடியுங்கள். ஏர் இழுத்து மேட்டை வழித்திருந்தால் ஓரம் மங்கலாகத்தான் தெரியும். எங்கள் மேடு தடித்த இடத்தில் நாற்பது சென்டிமீட்டர், ஓரத்தில் ஐந்து.

பிறகு வடிகால்கள். ஐரிஷ் வயலில் எப்படியும் ஒரு பழைய வடிகால் மேட்டைக் குறுக்கே வெட்டியிருக்கும். கல் நிரப்பியதாகவோ சுட்ட மண் குழாயாகவோ இருக்கும். அதுதான் காலத்தால் பிந்தியது, எனவே அதைத்தான் முதலில் தோண்டிப் பதிவுசெய்ய வேண்டும். வெட்டிய வடிகாலை அப்படியே விட்டுவிட்டால், மேல் வயலின் தண்ணீர் முழுக்க உங்கள் குழிக்குள் வந்து நிற்கும். எங்களுக்கு வந்தது. கூட வேலை பார்த்த கெர்ரிக்காரர் ஒருவர், இருபது வருடம் இதே வேலையில் ஊறியவர், தேநீர்க் கோப்பையோடு குழியின் விளிம்பில் நின்றுகொண்டு சொன்னார்: "தண்ணி வர்ற இடமாப் பாத்துத்தானேப்பா அவன் தொட்டியே வெட்டினான்."

மேட்டைக் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி நான்கு கால்பகுதியாகப் பிரியுங்கள். எதிரெதிரான இரண்டு கால்பகுதிகளை முதலில் எடுங்கள். அப்போது இரு திசையிலும் மேட்டின் முழு வெட்டுமுகம் நிற்கும். நூலில் ஒன்று லாடத்தின் வாய்ப்பகுதி வழியாகப் போக வேண்டும், ஏனென்றால் தொட்டி அங்கேதான் இருக்க வாய்ப்பு. நூலைக் கட்டும் முன் அரை மணி நேரம் யோசித்தாலும் நஷ்டமில்லை. தொட்டியை ஓரமாகச் சீவிக்கொண்டு போகும் வெட்டுமுகம் யாருக்கும் உதவாது.

கல்மேட்டைக் கரணையால் கிள்ளிக்கொண்டிருக்க வேண்டாம். குந்தாலியும் சட்டியும் தள்ளுவண்டியும்தான் சரி. ஆனால் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி வெட்டுமுகத்தைக் கரணையால் வழித்துப் பாருங்கள். ஒரே கறுப்பாகத் தெரிவதில் இடையே மெல்லிய சாம்பல் நிற வண்டல் கோடு ஓடினால், அங்கே வேலை நின்றிருக்கிறது. ஆட்கள் போய்விட்டார்கள், வெள்ளம் ஏறி இறங்கியது, பிறகு யாரோ திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி தீ மூட்டினார்கள். எங்கள் வெட்டுமுகத்தில் அப்படி ஒரு கோடு, விரல் தடிமன், இரண்டு மீட்டர் நீளம். அதைப் பார்க்காமல் அள்ளியிருந்தால் இரண்டு தலைமுறை ஆட்கள் ஒன்றாகிப் போயிருப்பார்கள்.

கல் சரிந்திருக்கும் திசையையும் கவனியுங்கள். எறிந்தவன் நின்ற இடத்திலிருந்து விலகித்தான் சரியும். சரிவுகளை வரைபடத்தில் பின்னோக்கி நீட்டினால் அவை சந்திக்கும் இடத்துக்கு அருகே தொட்டி. தொட்டி தென்படுவதற்கு ஒரு நாள் முன்பே அது எங்கே என்று சொல்லி, இயக்குநரிடம் ஒரு சாக்லேட் பார் ஜெயித்திருக்கிறேன்.

கரி மாதிரி எடுக்கும்போது 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிற கணக்கு இங்கே செல்லாது. இது ஒரு பானை இல்லை, நூறு நாள் சமைத்த பானைகளின் கழுவுதண்ணீர். அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. வண்டல் கோடு இருந்தால் அதற்கு மேலும் கீழும் தனித்தனியாக. ஒவ்வொன்றும் மூடி போட்ட பத்து லிட்டர் வாளி. உள்ளே ஒரு அடையாளச் சீட்டு, வெளியே ஒன்று. வெளிச் சீட்டு மழையில் அழியும், அதனால்தான் இரண்டு.

தொட்டி

இனிமேல் அவசரமே கூடாது. மேடு முழுக்க எடுத்த பிறகு அடியில் மஞ்சளும் சாம்பலும் கலந்த களிமண் வரும், நம் ஊர்த் தொல்லியல்காரர்கள் கன்னிமண் என்பார்களே, அது. அதில் கறுப்பாக ஒரு செவ்வகம் தெரிந்தால் அதுதான் தொட்டி. பொதுவாக இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டருக்குள் ஆழம். வட்டமாகவும் இருக்கலாம். சிலவற்றில் கல் பலகை பதித்திருப்பார்கள், சிலவற்றில் மரப்பலகை, சிலவற்றில் ஒரே மரத்தைக் குடைந்து இறக்கியிருப்பார்கள். ஒன்றுமே இல்லாத வெறும் களிமண் குழியும் உண்டு. தொட்டியே இல்லாத மேடும் உண்டு.

செவ்வகம் தெரிந்தவுடன் மேலே யாரையும் நடக்க விடாதீர்கள், நீங்களும் நடக்காதீர்கள். பலகையைப் போட்டு அதன் மேல் முட்டி போடுங்கள். களிமண் விளிம்பு ஒரு கம்பூட்ஸ் மிதிக்கு உடைந்துவிடும், உடைந்தால் அதன் கோணம் போய்விடும். கரணையை உங்களை நோக்கி ஒரே திசையில் இழுத்துச் சுத்தம் செய்து, தண்ணீர் தெளித்து, சூரியன் மேகத்துக்குள் போகும் வரை காத்திருந்து படம் எடுங்கள். அயர்லாந்தில் அதற்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டி வராது.

அப்புறம் நீளவாக்கில் பாதியை மட்டும் எடுங்கள். மேலே பெரும்பாலும் கடைசியாகப் போட்ட கற்களோ, மேடு சரிந்து விழுந்ததோ நிரம்பியிருக்கும். அடியில், தரையோடு ஒட்டி, விரல் அளவு மெல்லிய ஒரு படிவு இருக்கும். தொட்டி கடைசியாகப் பயன்பட்ட நாட்களில் படிந்த வண்டல் அது. விதை, வண்டின் இறக்கை ஓடு, சுள்ளிக் கரி எல்லாம் அதில்தான். அதைச் சலித்துப் பார்த்து எடுக்காதீர்கள், ஒரு பிடி விடாமல் முழுவதையும் வாளியில் போடுங்கள்.

இந்த இடத்தில் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். எனது இரண்டாவது ஃபுலக்ட், வேறொரு வயல். பாதித் தொட்டி தோண்டிய நிலையில் வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போனோம். சனி, ஞாயிறு முழுக்க மழை. திங்கள் காலை தொட்டி விளிம்பு வரை தண்ணீர். ஒன்பது மணிக்குள் வேலை தொடங்க வேண்டும் என்ற பரபரப்பில் பம்பின் உறிஞ்சுகுழாயைத் தொட்டியின் மூலையிலேயே போட்டு இயக்கினேன். பத்தே நிமிடத்தில் தண்ணீர் போனது. தரையோடு ஒட்டியிருந்த வண்டலும் கூடவே போனது. வேலிக்கு அப்பால் ஓடையில் கறுப்பாகக் கலந்து போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் புரிந்தது. இயக்குநர் திட்டவில்லை. பதிவேட்டில் 'அடிப்படிவு: அகழ்வின்போது இழப்பு' என்று என் கையாலேயே எழுதச் சொன்னார்.

எனவே, தொட்டிக்கு ஒரு மீட்டர் தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம், தொட்டியைவிட ஆழமாக ஒரு குழி வெட்டுங்கள். வெட்டும் முன் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊறும் தண்ணீர் அதற்குள் இறங்கட்டும், பம்பு அங்கேயே கிடக்கட்டும். தொட்டிக்குள் நிற்பதைக் கையால் கோப்பையில் மொண்டு, பஞ்சால் ஒற்றி எடுங்கள். நேரம் ஆகும்தான்.

மரம் வந்தால்

மூன்று தொட்டியில் இரண்டில் எனக்கு மரம் வரவில்லை. வந்த நாளை மறக்க முடியவில்லை. களிமண்ணுக்கும் கரிக்கும் நடுவில் கரணை எதிலோ மெத்தென்று இடித்தது. கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. கரணையை வைத்துவிட்டு ஐஸ் குச்சியை எடுத்தேன். இரும்பை மரத்தின் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. விரலால் சேற்றைத் தள்ளியதும் ஓக் பலகை ஒன்று தெரிந்தது, நேற்று அறுத்தது போலத் தேன் நிறத்தில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறத் தொடங்கியது. தேன், பழுப்பு, கறுப்பு. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மூவாயிரம் வருடம் தண்ணீருக்குள் காற்றுப் படாமல் கிடந்த மரம் அது.

ஆகவே திறந்தவுடன் தண்ணீர் தெளியுங்கள், தெளித்துக்கொண்டே இருங்கள். படம் எடுக்கும் நேரம் தவிர ஈரப் பஞ்சும் கறுப்புப் பிளாஸ்டிக்கும் போட்டு மூடுங்கள். பலகையின் மேல் வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டுப் பாருங்கள், கோடரித் தழும்பு தெரியும். வெண்கலக் கோடரியின் வளைந்த வாய் சிறு சிறு குழிவான வெட்டுகளை விட்டுப் போயிருக்கும். வாயில் ஒரு பிசிறு இருந்திருந்தால் அந்தப் பிசிறு ஒவ்வொரு வெட்டிலும் அதே இடத்தில் மெல்லிய வரியாக இழுத்திருக்கும். என் பலகையில் நான்கு வெட்டுகளில் அந்த வரி இருந்தது. ஒரே ஆள், ஒரே கோடரி, தீட்டாத கோடரி.

மூலைகளில் முளைக்குச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். பக்கத்தில் மண்ணைப் பாதியாக வெட்டி, முனை வரை இறங்கி, எப்படிச் சீவியிருக்கிறார்கள் என்று வரைந்த பிறகே எடுக்கலாம். பலகை இடுக்கில் பாசி அடைத்திருந்தால் அதையும் தனிப்பையில் எடுங்கள், தண்ணீர் கசியாமல் இருக்க அடைத்தது அது. ஓக் மரத்தில் ஆண்டு வளையம் போதுமான அளவு இருந்தால் வளையத்தை எண்ணியே வெட்டிய காலத்தைப் பிடித்துவிடலாம், பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகம் இந்த வேலைக்குப் பேர்போனது.

தொட்டி முடிந்ததும் மூட்டை கட்டாதீர்கள். சுற்றி ஒரு பத்து மீட்டராவது கன்னிமண்ணை வழித்துப் பாருங்கள். செக்கச்செவேலென்று வெந்த மண் திட்டு இருந்தால் அது அடுப்பு. வட்டமாகக் குச்சிக்குழிகள் இருந்தால் குடிசையோ காற்று மறைப்போ. அவசரக்காரர்கள் தொட்டியோடு கிளம்பிவிடுவதால்தான் பல அறிக்கைகளில் இதெல்லாம் இல்லை என்பது என் கட்சி.

பதிவேட்டில் என்ன எழுதக் கூடாது

'சமையல் இடம்' என்று எழுதாதீர்கள். 'செவ்வகத் தொட்டி, இத்தனை நீளம், இத்தனை ஆழம்' என்று எழுதுங்கள், போதும்.

சமையல் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 17-ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி கீட்டிங் ஐரிஷ் மொழியில் எழுதிய வரலாற்றில், பழங்கதைகளில் வரும் ஃபியன்னா என்ற வீரர் கூட்டத்தின் வேட்டைக்காரர்கள் குழி தோண்டிச் சுட்ட கல்லால் இறைச்சி வேகவைத்ததாக ஒரு பகுதி வருகிறது. அதே பகுதியில் இன்னொரு குழியில் அவர்கள் குளித்ததாகவும் வருகிறது, அதைப் பலர் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். 1950-களில் மைக்கேல் ஓ'கெல்லி, பிற்பாடு நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறையைத் தோண்டியவர், கார்க்கின் பாலிவூர்னியில் நிஜமாகவே செய்து பார்த்தார். சுமார் 450 லிட்டர் தண்ணீர் அரை மணி நேரத்தில் கொதித்தது. வைக்கோல் சுற்றிய நாலரை கிலோ ஆட்டுத்தொடை மூன்று மணி நாற்பது நிமிடத்தில் வெந்தது, ருசியும் நன்றாக இருந்ததாம். டிராம்பெக் கல்வட்டத்துக்குப் பக்கத்துத் தொட்டியில் செய்தபோது 18 நிமிடமே போதுமாக இருந்தது.

வேக வைக்க முடியும் என்பது வேகவைத்தார்கள் என்பதற்குச் சான்று ஆகாது. எலும்பு அபூர்வமாகத்தான் கிடைக்கிறது. புளிப்பு மண் எலும்பைத் தின்றுவிடும் என்பது உண்மைதான், ஆனால் சுண்ணாம்பு நிலத்திலும் பல மேடுகளில் எலும்பு இல்லை. 1980-களில் பிரிட்டனில் இருவர் இது நீராவிக் குளியலாக இருக்கலாம் என்றார்கள். 2007-இல் கோல்வேயில் இரண்டு தொல்லியலாளர்கள் இதே முறையில் வாற்கோதுமையை ஊறவைத்து பியர் காய்ச்சிக் காட்டினார்கள். தோல் பதனிடுதல், கம்பளி அலசுதல், சாயம் என்று வேறு யோசனைகளும் உண்டு. வெந்நீர் இருக்கும் வீட்டில் அதை ஒரே காரியத்துக்கா வைத்துக்கொள்கிறோம்? என் சொந்த அபிப்பிராயம் இது, பதிவேட்டில் இதையும் எழுத மாட்டேன்.

தேதி பார்க்க எந்தக் கரியை அனுப்புவது என்பதை வாளி மண்ணைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கால் மில்லிமீட்டர் சல்லடையில் பிடித்த பிறகே முடிவு செய்ய முடியும். முதலில் மரக்கரி நிபுணரிடம் கொடுத்து இனம் பாருங்கள். ஓக் மரத்தின் நடுக்கட்டை வேண்டாம், எரிக்கும்போதே அதற்கு இருநூறு வயது ஆகியிருக்கலாம். ஹேசல் அல்லது ஆல்டர் சுள்ளி ஒன்றே ஒன்று போதும். கி.மு. 800-க்கும் 400-க்கும் நடுவில் விடை விழுந்தால் நொந்துகொள்ளாதீர்கள். கரியிலுள்ள கதிரியக்கக் கார்பனின் அளவை வருடமாக மாற்றும் வளைவு அந்தக் காலத்துக்குத் தட்டையாக ஓடுவதால் நானூறு வருடத்தில் எதுவாகவும் இருக்கலாம்.

மூடுவது

குழாய்க்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். இருந்தாலும், கீறலின் ஓரத்தில் வயலுக்குள் நீளும் மிச்ச மேட்டின் வெட்டுமுகத்தை அப்படியே விட்டுப் போகாதீர்கள். அதன் மேல் தண்ணீர் புகும் நெய்துணியை விரித்து, முதல் அடுக்கு மண்ணைக் கையால் போட்டு, பிறகு ஹிட்டாச்சியை விடுங்கள். பின்னால் யாராவது வந்தால் நாம் எங்கே நிறுத்தினோம் என்று துணி காட்டும். மூலைகளின் ஜிபிஎஸ் அளவைத் திரும்பவும் ஒரு முறை எடுங்கள், முதல் நாள் எடுத்தது எப்படியும் ஒன்று தப்பாக இருக்கும்.

அப்புறம் வடிகால். நாம் வெட்டியதை நாம்தான் சேர்த்துவைக்க வேண்டும். பழைய மண்குழாய் கிடைக்காது, பிளாஸ்டிக் குழாய் போட்டு இரு முனையையும் கல் அடுக்கி மூடினோம். பால்பண்ணைக்காரர் நம்பவில்லை. கம்பூட்ஸோடு கீழ் வேலி வரை நடந்து, குழாய் வாய்க்கு முன்னால் குனிந்து நின்றார். ஐந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு கொஞ்சம் சேறும், அதன் பின்னால் கறுப்பாகக் கரித்தூளும், கடைசியில் தெளிந்த தண்ணீருமாக வந்தது. தலையை ஆட்டிவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டார்.